ஆளில்லாத அறையில் ஓடிய ஃபேன்

கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் தேடினாலும் ஸ்டேட்டிக் சாரைப் போல ஒரு பிடிவாதக்காரர் கிடைக்கமாட்டார். ஆடிக் காற்று குடையைப் பறித்தால், குடையை விட்டுவிட்டுக் காற்றோடு சண்டை போடுகிற ஆள்.

உத்தமபாளையத்தில் மாடியில் அவர் பாடம் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டர், கீழே என் டீக்கடை. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைதான். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. டீயைக் கொடுத்துவிட்டு, டம்ளர் காலியாகும் வரை வகுப்பு வாசலில் நிற்பேன். அப்படி நின்று கேட்டதுதான் இதெல்லாம்.

புரோகிராம் எழுதுவதில் எத்தனையோ பாடம் உண்டாம். அதில் 'ஸ்டேட்டிக்' என்ற பாடம் புரியாமல் ஒருவரையும் அடுத்த பாடத்துக்கு அவர் விடமாட்டார்; அந்தப் பேரும் அப்படி வந்ததுதான். கல்யாணத்துக்கு லீவு கேட்ட பெண்ணிடமே, "ஸ்டேட்டிக் என்னன்னு சொல்லிட்டுப் போம்மா" என்றார். அவள் சொல்லிவிட்டுத்தான் மணமேடை ஏறினாள்.

பாடத்துக்கு என் தூக்குவாளிதான் உதாரணம். ஒவ்வொரு டம்ளரும் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது தனித்தனிப் பொருள். ஒன்றில் அரை டம்ளர், ஒன்றில் முழு டம்ளர். அது அவரவர் சொந்த விஷயம். வாளியில் இருக்கும் சீனி மட்டும் எல்லோருக்கும் பொது. அதுதான் ஸ்டேட்டிக் வேரியபிள். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லோருக்கும் மாறும்.

இந்த உதாரணத்தில் ஒரு ஓட்டை இருப்பது எனக்கு முதல் நாளே தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

சென்டர் முதலாளி ஏலக்காய் வியாபாரி. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் கீழேயிருந்து மூச்சிரைக்கப் படியேறி வந்து அணைப்பார். டீ வாளியை வைத்துப் பாடம் நடத்துவதாகப் புகார் போனதும், வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார். இன்றைக்குத் தனக்கு விளங்கவில்லையென்றால் நாளைக்கு வேறு வாத்தியார் என்றார்.

நோட்ஸைப் பார்த்து நடத்தியிருந்தால் தப்பித்திருக்கலாம். சார் வாளியைத்தான் எடுத்தார். எல்லோருக்கும் சீனியில்லாத டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, வாளிக்குள் சீனியைக் கொட்டிக் கலக்கினார்.

"இப்பக் குடிச்சுப் பாருங்க. எல்லாருக்கும் இனிக்கும்."

முதலாளி குடித்தார். "எனக்கு இனிக்கலையே வாத்தியாரே."

ஏற்கெனவே டம்ளரில் ஊற்றிய டீ எப்படி இனிக்கும்? வகுப்பே சிரித்தது. சார் இன்னும் வேகமாக வாளியைக் கலக்கினார். முதலாளி எழுந்துவிட்டார்.

நான் வாசலைத் தாண்டி உள்ளே வந்தேன். "சார்... அந்த ஃபேனு" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அறைக்கே ஒண்ணுதான். ஒருத்தர் கூட்டி வச்சா எல்லாருக்கும் கூடும். ஆளே இல்லேன்னாலும் சுத்தும். மொதலாளி கூட வந்து அணைப்பாக."

சார் முகம் விளக்கு போட்டது போல ஆனது. ஆப்ஜெக்ட் ஒன்றுகூட இல்லாமலே ஓடுகிற வேலைதான் ஸ்டேட்டிக் மெத்தட் என்று பலகையில் எழுதினார். முதலாளி விடவில்லை.

"எனக்கு மட்டும் வேர்க்குது. எனக்கு மட்டும் வேகமாச் சுத்தச் சொல்லும்."

"யாருக்கு வேர்க்குதுன்னு அதுக்குத் தெரியாது மொதலாளி. ஸ்டேட்டிக் மெத்தட் தனி ஆளைப் பார்க்காது" என்றார் சார்.

முதலாளி ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து மிச்ச டீயைச் சீனியில்லாமலே குடித்தார்; வேறு வாத்தியார் பேச்சை எடுக்கவில்லை.

அதன்பின் காலி அறையில் ஃபேனை அணைக்க யார் போனாலும், "பாடம் நடக்குது" என்று சார் தடுத்துவிடுவார்.

போன வருஷம் அவர் கோயம்புத்தூர் போய்விட்டார். என் கடையில் ஆளில்லாத பெஞ்சுக்கு மேலே ஃபேன் ஓடுகிறது. அணைக்கவா என்று யாராவது கேட்டால், நாலு பேர் இருந்தாலும் சத்தமாகவே சொல்கிறேன்: "இருக்கட்டும்."