பதினாறு அங்குல மர்மம்

வெள்ளை அட்டையின் நடுவே ஒட்டும் நாடாவால் சிறைப்படுத்தப்பட்டிருந்த அந்த ஒற்றை முடியை, பிஸ்கட் தொழிற்சாலையின் தூய்மை மேற்பார்வையாளர் ஒரு கொலையின் தடயத்தைப் பார்ப்பவரைப் போலக் குனிந்து பார்த்தார். அவ்வேளையில் அவருடைய தலையிலிருந்தே இன்னொரு முடி மெல்ல இறங்கி வந்து, அட்டையின் ஓரத்தில் அமர்ந்தது. அதை அவர் உள்ளங்கையால் மூடினார்.

"பதினாறு அங்குலம். கறுப்பு. நம்ம பாக்கெட்டுக்குள்ள இருந்துச்சாம்," என்றார் மேனேஜர். "மூணு நாள்ல யாரோடதுன்னு சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்லிடலாம் சார்," என்றார் அவர், கையை எடுக்காமலே.

"கைக்கு என்ன ஆச்சு?"

"மேசை ஆடுது சார். புடிச்சுக்கிட்டிருக்கேன்."

தொழிற்சாலையில் அவரை 'முடி மேடம்' என்றே அனைவரும் அழைத்தனர். பேக்கிங் பிரிவில் பதினேழு ஆண்டுகள் நின்று கால் கடுத்த பின்னரே அவருக்கு இந்த நாற்காலி கிடைத்திருந்தது. நாற்காலி கிடைத்த முதல் வாரத்திலேயே பத்தொன்பது விதிகளை அவர் இயற்றினார். யாருடைய முடி பிஸ்கட்டில் அகப்படுகிறதோ, அவர் பணிக்காலம் முழுவதும் மாவுக் கிடங்கில் மூட்டைகளை எண்ண வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. புகார் எழுதியவரின் பெயர், விசாரிப்பவருக்குத் தெரியாதபடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்க வேண்டும் என்பது பதினோராம் விதி. இதுவரை மூவர் கிடங்குக்குச் சென்றிருந்தனர். அவரைக் கண்டால் அம்மூவரும் இன்றும் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தனர்.

இப்போதோ, முடி மேடத்தின் தலையிலேயே நான்கு மாதங்களாக இலையுதிர் காலம் நடந்துகொண்டிருந்தது.

"தைராய்டு மந்தமா வேலை செய்யுதும்மா," என்று டாக்டர் கூறியிருந்தார். "காலையில வெறும் வயித்துல மாத்திரை. அரை மணி நேரத்துக்குக் காப்பியைத் தொடாதீங்க."

"முடி, டாக்டர்?"

"வளரும். ஆறு மாசமோ எட்டு மாசமோ ஆகலாம். கவலைப்படாதீங்க. கவலைப்பட்டா இன்னும் கொட்டும்."

அன்றிலிருந்து அவர் கவலைப்படாமல் இருப்பதைப் பற்றியே ஓயாமல் கவலைப்பட்டு வந்தார்.

"குளியலறையில தண்ணி போகலைன்னு மூடியைத் தூக்கினேன்," என்றார் அன்று மாலை அவருடைய கணவர். "கறுப்பா ஒண்ணு சுருண்டு கெடந்துச்சு. பூனைக்குட்டியாக்கும்னு பதறிப் போயிட்டேன்."

"வெளியில சொல்லிடாதீங்க."

"யார்கிட்ட சொல்லப் போறேன்? பால் வேணுமான்னு அதுக்கிட்டதான் கேட்டேன்."

அட்டையில் இருந்த முடி தம்முடையதே என்பதில் மேடத்துக்கு ஐயமே இருக்கவில்லை. பதினேழு ஆண்டு உழைப்பும் ஒரு பதினாறு அங்குல இழையில் தொங்கியது.

மறுநாள் காலையில் அவர் மூன்று வலைத்தொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, அவற்றின்மேல் ஒரு கம்பளிக் குல்லாயையும் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். இனி ஒரு முடிகூடத் தப்பாது என்று அவர் மகிழ்ந்தபோது, மேனேஜர் எதிரே வந்தார்.

"அடடா! பொறுப்புன்னா இதுதான்! எல்லாரும் பாருங்க, மேடத்தைப் பாருங்க! இன்னிக்கே நூத்தி நாப்பது பேருக்கும் மூணு வலை, ஒரு குல்லாய்!"

"சார், எனக்குக் குளிருது, அதனாலதான்..."

"தன்னடக்கம் வேற!"

நண்பகலுக்குள் தொழிற்சாலை முழுவதும் கம்பளி மயமாயிற்று. அடுப்புக்காரர் முகமெல்லாம் வியர்வையோடு அவரிடம் ஓடி வந்தார்.

"மேடம், தலையில கம்பளியைக் கட்டிக்கிட்டு அடுப்பு முன்னால நிக்கச் சொல்றீங்க. பிஸ்கட் வெந்துச்சோ இல்லையோ, நான் வெந்துட்டேன்."

வியர்த்த தலைகள் அரித்தன. அரித்த தலைகளை நூற்று நாற்பது பேரும் சொறிந்தனர். சொறிந்ததன் பயனாக, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முடிகளே காணும் அத்தொழிற்சாலையில் ஒரே பகலில் பதினொரு முடிகள் பிடிபட்டன. பதினொரு வெள்ளை அட்டைகள் மேனேஜரின் மேசையில் சீட்டுக்கட்டுப் போல விரிந்து கிடந்தன.

"இது சரிப்படாது," என்றார் மேனேஜர். "நாளைக்குக் காலையில ஒவ்வொருத்தரும் ஒரு முடி குடுக்கணும். லேப்ல ஒப்பிட்டுப் பார்த்துடலாம். நீங்களும்தான் மேடம்."

"நானுமா சார்?"

"பதினாலாம் விதி. யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. நீங்கதானே எழுதினீங்க?"

எழுதிய கையை மேடம் வெறுப்புடன் பார்த்தார்.

தம் முடியைக் கொடுத்தால் கிடங்கு நிச்சயம். எனவே வேறொருவர் முடியைத் தம்முடையதாகக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்தார். அம்முடி தொழிற்சாலைக்குள் காலடி வைத்திராத ஒருவருடையதாக இருந்தால் எவ்வகையிலும் ஒத்துப்போகாதல்லவா? இரண்டு தெரு தள்ளி, நடு முதுகு வரை பின்னல் தொங்க அவருடைய நாத்தனார் வாழ்ந்து வந்தாள்.

"வாங்க அண்ணி! என்ன இது, குல்லாயெல்லாம்? மலை ஏறப் போறீங்களா?"

"சும்மா உன்னைப் பார்க்கலாம்னு வந்தேன். திரும்பி உக்காரு, தலை பின்னி விடறேன்."

நாத்தனாரின் கண்கள் சுருங்கின. "கல்யாணமாகி இருபது வருஷமாச்சு. ஒருநாளாவது என் தலையில கை வச்சிருப்பீங்களா? என்ன விஷயம், சொல்லுங்க."

"இவ்வளவு அழகான பின்னலைப் பார்த்தா பாசம் வரக்கூடாதா?"

"வரலாம். முன்கூட்டியே சொல்லிட்டு வரலாம்ல?"

இருப்பினும் புகழ்ச்சிக்கு மயங்காத பின்னல் உண்டோ! அவள் திரும்பி உட்கார்ந்தாள். "பாருங்க, எவ்வளவு அடர்த்தி! பொறந்ததுலேருந்து எண்ணெயைத் தவிர வேற எதையும் நான் தலையில வச்சதே இல்ல, தெரியுமா?" என்று அவள் சொல்லி முடிக்கையில், மேடம் ஒரு முடியை வேரோடு பிடுங்கினார்.

"ஐயோ!"

"ஒண்ணுமில்ல. ஒரு நரை இருந்துச்சு."

"நரையா? எனக்கா? எங்கே, காட்டுங்க!"

"தூக்கி எறிஞ்சுட்டேன்."

"வீடேறி வந்து நரைன்னு சொல்றீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்ற குரல் தெருமுனை வரை அவரைத் துரத்தி வந்தது. மேடம் கைக்குட்டையை இறுகப் பற்றியபடி நடந்தார். நான்கு மாதங்களில் முதன்முறையாக அவருக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

மூன்றாம் நாள் மாலை அனைவரும் பேக்கிங் கூடத்தில் கூடினர். காலையில் எல்லோரும் கொடுத்த முடிகளை ஒப்பிட்டுப் பார்த்த லேப் பரிசோதகர், முடிவுத் தாளைப் பிரித்தார். பதினொரு அட்டைகளுள் ஒன்றில் இருந்த முடி மேனேஜருடையது என்பது முதல் வரியிலேயே தெரிந்தமையால், அந்தப் பதினொன்றைப் பற்றிய பேச்சு அத்துடன் நின்றது.

"அடுத்தது, புகார்ல வந்த பதினாறு அங்குலம்," என்றார் பரிசோதகர். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மேடத்தைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதே தடிமன். அதே வளைவு. வெறுங்கண்ணுக்குக் கறுப்பு, லென்ஸ்ல பார்த்தா அதே செம்பட்டைச் சாயம். நூத்துக்கு நூறு, மேடம் குடுத்த முடியோட ஒத்துப்போகுது."

கிடங்குக்காரர்கள் மூவரும் கைதட்டினர்.

"சாயமா?" என்று மேடம் அலறினார். "எண்ணெயைத் தவிர எதையும் வச்சதே இல்லன்னு சொன்னாளே, பாவி!"

"யாரு சொன்னா?" என்றார் மேனேஜர்.

மேடம் ஒரு கணம் கண்களை மூடினார். பின்னர் குல்லாயைக் கழற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று என வலைகளையும் கழற்றினார். நடு வகிடு அகன்று, உச்சியெங்கும் வெளிச்சம் விழும் அத்தலையை நூற்று நாற்பது பேரும் பார்த்தனர்.

"தைராய்டு. நாலு மாசமா மாத்திரை சாப்பிடுறேன்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "என் முடியைக் குடுக்கப் பயந்துட்டேன் சார். அது என் நாத்தனார் முடி. என்னைக் கிடங்குக்கே அனுப்பிடுங்க."

பேக்கிங் பெண்களில் மூத்தவர் முன்னே வந்தார். "எங்க அக்காவுக்கும் இதே கதைதான் மேடம். இப்போ நல்லா முளைச்சிடுச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க என்ன, உங்களைக் கடிச்சா தின்னிருப்போம்?"

கைதட்டிய மூவரும் கைகளைச் சட்டைப் பைகளுக்குள் மறைத்துக்கொண்டனர். மேடத்தின் கண்கள் கலங்கின. மேனேஜருக்கோ வேறொரு கவலை பிறந்திருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும். அது உங்க முடி இல்லைன்னா, உங்க நாத்தனார் முடி நம்ம பாக்கெட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"மதில் ஏறிக் குதிச்சிருப்பாங்களோ?" என்றார் அடுப்புக்காரர்.

"என்னைத் தாண்டி ஈ கூட நுழையாது!" என்று காவலாளி பொங்கினார்.

"ஆவியா வந்திருப்பாங்களோ?" என்றார் பரிசோதகர். அறிவியல் படித்தவர் என்பதால் அக்கருத்தை உடனே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

"போன் போடுங்க," என்றார் மேனேஜர். மேடம் நாத்தனாரை அழைத்து, அனைவருக்கும் கேட்கும்படி கைபேசியைப் பிஸ்கட் பெட்டியின் மேல் வைத்தார்.

"அம்மா, நான் தொழிற்சாலை மேனேஜர் பேசறேன். உண்மையைச் சொல்லுங்க. எங்க ஃபேக்டரிக்குள்ள எப்போ வந்தீங்க?"

"நானா? அங்கேயா? நான் எதுக்கு சார் அங்க வரப்போறேன்!" என்று கணீரென ஒலித்தது நாத்தனாரின் குரல். "ஆனா நல்லவேளை, நீங்களே கூப்பிட்டீங்க. தலை வாரிக்கிட்டே உங்க பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சேன், பார்த்தா உள்ள முடி. அண்ணிக்கிட்ட சொன்னா அமுக்கிடுவாங்கன்னுதான் நேரா உங்களுக்கே புகார் எழுதிப் போட்டேன், அது எந்த மகராசி முடின்னு கண்டுபுடிச்சீங்களா இல்லையா?"