இரவல் அசை

மச்சானின் மாட்டைவிட என் மாடு ஒரு சொம்பாவது கூடுதலாகக் கறக்க வேண்டும், இல்லாவிட்டால் மீசையை எடுத்துவிடுவேன் என்று சபதம் போட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"எடுக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இருக்கிற மாதிரி தெரியலையே?"

மச்சான் என்றால் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். தெருக்கோடியில் வீடு. பால் சொசைட்டியில் நாலு பேர் பார்க்க, "என்ன மாப்ளே, உங்க மாடு பாலுக்குப் பதிலா தண்ணி குடுக்குதா?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றே, "இனிமே அந்த வீட்டுப் படியை நீ மிதிக்கக் கூடாது" என்று மனைவிக்கு உத்தரவு போட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எதிர்த்துப் பேசவில்லை. மனைவி பேசாமல் இருந்தால் சம்மதம் என்று நினைப்பவன் கல்யாணமே செய்துகொள்ளக் கூடாது. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, மாவுத் தீவனத்தை அள்ளி அள்ளித் தொட்டியில் கொட்டினேன். மாடு என்னை நன்றியோடு பார்த்தது. சாயங்காலம் அதன் இடது பக்கம் மத்தளம் மாதிரி உப்பிவிட்டது. மூச்சுவிடத் திணறியது. வாயில்லா ஜீவனை நான்தான் அந்தக் கதிக்கு ஆளாக்கினேன்.

"என்னங்க போட்டீங்க?"

"வழக்கம்போலதான்."

"மூட்டையும் வழக்கம்போலதான் காலியாச்சா?"

மாட்டு டாக்டர் ஓடி வந்து வாய்வழியாகக் குழாயை இறக்கினார். உள்ளே அடைந்திருந்த காற்றெல்லாம் வெளியே வந்தது. நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மறுநாள் காலையில் அவர் திரும்ப வந்தபோது உப்பல் வடிந்திருந்தது. ஆனால் மாடு வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அசை போடவே இல்லை.

"தீனியைச் செரிக்க வைக்கிற நல்ல கிருமியெல்லாம் உள்ள செத்துப்போச்சு," என்றார் டாக்டர். "நல்லா இருக்கிற மாடு அசை போடும்போது, அது வாயிலேருந்து ஒரு உருண்டை எடுத்து வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊத்துங்க. இல்லேன்னா இது தேறுறது கஷ்டம். உங்க மச்சான் மாடு மாதிரி ஒண்ணு கிடைச்சா நல்லது."

அவர் போனதும் மனைவியிடம் குழைந்தேன்.

"நீ போய் வாங்கிட்டு வாயேன்."

"நானா? படியை மிதிக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"அது கோபத்துல சொன்னது."

"அப்ப வாபஸா?"

"வாபஸெல்லாம் கிடையாது."

"அப்ப நீங்களே போங்க."

யோசிக்கிறேன் என்று சொல்லிப் படுத்தவன் தூங்கிவிட்டேன். எழுந்த பிறகும் மாட்டின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

"பொழுது சாயுதுங்க. அது செத்துட்டா அப்புறம் யோசிச்சுக்கலாமா?"

துள்ளி எழுந்தேன். மச்சான் சொசைட்டிக்குப் போகும் நேரம். கேட்டு வாங்கினால்தானே அவமானம்? திருடினால் கௌரவம்!

மச்சானின் மாடு சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. வாயைப் பிளந்து கையைவிட்டேன். மாடு வாயை மூடியது. நான் வாயைத் திறந்தேன்.

"கடவாப் பல்லுப் பக்கம் விடாதீங்க மாப்ளே, நசுக்கிடும். நாக்கைப் புடிச்சு ஓரமா இழுங்க."

பின்னால் மச்சான். சொசைட்டிக்கே போகவில்லை. அவரே நாக்கைப் பிடித்துக்கொள்ள, நான் உருண்டையை எடுத்தேன். சொம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் தயாராக இருந்தது. வாயில் நெளிசல் விழுந்த சொம்பு. எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

"அன்னிக்கு நாலு பேர் முன்னால நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது மாப்ளே. தங்கச்சி வராம வீடே வெறிச்சுனு இருக்கு."

உருண்டையைச் சொம்பில் போட்டுக் கரைத்தேன். "இல்ல மச்சான். கேன் கழுவின தண்ணியைக் கொட்ட மறந்தது நான்தான். தப்பு என் மேலதான். அவளை இப்பவே அனுப்பறேன்."

சொம்போடு வீட்டுக்கு ஓடினேன். கொட்டகையில் என் மாடு கண்ணை மூடி அசை போட்டுக்கொண்டிருந்தது.

"மத்தியானமே கரைச்சு ஊத்திட்டேன்," என்றாள் மனைவி. "சொம்பை அங்கேயே வச்சுட்டு வந்துட்டேன். குடுங்க இப்படி."

"படியை மிதிக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"மிதிக்கலையே. கொல்லை வழியா போனேன்."

"அப்ப என்னை எதுக்கு அனுப்பினே?"

அவள் சொம்பை வாங்கி உள்ளே வைத்தாள். புடவை மாற்றிக்கொண்டு, வாசல் வழியாகவே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் மச்சானும் நானும் எங்கள் வீட்டு வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்தார்.

"எப்படிம்மா இருக்கு மாடு?"

மனைவி கொட்டகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டும் தேறிடுச்சு டாக்டர்."