தீயணைப்புத் தலைவன் தீக்கடைந்த படலம்

வாழி, செவ்வூர்தி ஏறிய செம்மல்! வாழி, நெடுங்குழாய் ஏந்திய தடந்தோளன்! வைக்கோற்போர் முதல் வணிக மாளிகை வரை மூண்டெழுந்த பெருநெருப்பையெல்லாம் இருபத்திரண்டு ஆண்டுகள் நீர்மழை பொழிந்து அடக்கிய தீயணைப்பு நிலையத் தலைவன், குன்றிமணியளவு நெருப்பைப் பெற்றெடுக்கத் தன் வீட்டுப் பின்முற்றத்தில் மூன்று நாள் முழந்தாளிட்ட பெருங்கதை இது.

போரை மூட்டியவன் அவன் மைத்துனன்; ஊசியே வேலாக உலகாளும் தையற்காரன். தினமும் அக்காள் கைத்தேநீருக்கு வந்து அமர்பவனுக்கு அன்று வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, உங்களுக்கு அணைக்கத்தானே தெரியும்? பத்த வைக்க அக்காதான் வரணும்" என்றான்.

மீசை துடிக்க, விழி சிவக்க, பாதிக் கோப்பையை மண்ணில் கவிழ்த்து, அக்கம்பக்கம் அதிர வஞ்சினம் கூறினான் தலைவன்: "கட்டையொடு கட்டை கடைந்து, என் கையில் பிறந்த நெருப்பில் கொதித்தாலன்றி, இவ்வில்லத்தில் இனித் தேநீர் என்பதே இல்லை!"

தனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். ஆவேசத்தில் வீட்டுக்கே சேர்த்துச் சொல்லிவிட்டான். மனைவிக்கு அந்தக் கணமே தலைவலி தொடங்கியது.

வளைந்த கிளையை வில்லாக்கி, தேங்காய் நாரை முறுக்கி நாணேற்றி, நாணிடையே கடைகோலைச் சுற்றி, பலகைக் குழியில் ஊன்றி, உச்சியைக் கல்லால் அழுத்தி, இழுத்தான், தள்ளினான், மீண்டும் இழுத்தான் அந்த அடலேறு. முதல் நாள் கோல் அம்பெனப் பாய்ந்து வேலியில் விழுந்தது. இரண்டாம் நாள் நாண் அறுந்தது, முட்டி தேய்ந்தது, பெருமூச்சு வந்ததே தவிரப் புகை வரவில்லை.

"வெந்நீரக் குடிச்சுக் குடிச்சு வயிறு ஊதிப்போச்சு. சீக்கிரம் கடைஞ்சு தொலைங்க" என்றாள் மனைவி.

மூன்றாம் நாள், தேநீரின்றி நாவறண்ட மைத்துனப் பகைவனே கத்தியாம் படைக்கலத்தோடு வந்தான். பலகையை உற்றுப் பார்த்தான்.

"தூள் விழ வழியே இல்லையே மாமா. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்குற மாதிரி ஓரத்துல ஒரு வெட்டு போடணும்" என்றவன், தானே கத்தியால் வெட்டியும் கொடுத்தான்.

பிறகென்ன, வில் பாடியது, கோல் சுழன்றது, கருந்தூள் குவிந்தது, புகை சுருண்டெழ, தூளின் நடுவே செம்பொறியொன்று கண் திறந்தது! மைத்துனன் மூச்சடக்கினான். மனைவி தேநீர்ச் சட்டியோடு ஓடிவந்தாள். காய்ந்த புல்லில் ஏந்தி ஊதவேண்டியது ஒன்றே பாக்கி. அந்தோ, புகையைக் கண்டதும் இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம் தலைவனின் காலில் வந்து புகுந்தது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று ஆணையிட்டு, ஓங்கி மிதித்தான். மறுபடி மூண்டுவிடாதபடி இன்னொரு மிதியும் மிதித்தான்.

தலைவன் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவமாகத்தான் இருந்தது.

"நெருப்பு வந்துச்சு, என் கண்ணால பாத்தேன். அணைச்சது உங்க உத்தியோகம், அதை இதுல சேக்காதீங்க" என்றாள் மனைவி. மைத்துனன் அவசர அவசரமாகத் தலையாட்டினான்.

வஞ்சினம் நிறைவேறியதோ, வழுக்கியதோ, வானோரும் வல்லோரும் ஊழிக்காலம் வரை வாதிட்டுக்கொள்ளட்டும்!

மூன்று பேரும் உள்ளே போய் கேஸ் அடுப்பில் டீ போட்டுக் குடித்தார்கள்.