மிச்சம் இரண்டடி

"பத்துக்கு ஒன்பதா?" ஜெயக்கொடி தையல் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "ஒரு ஆள் படுக்கவா?"

"ஆமா. பத்தடி அகலம், ஒன்பதடி நீளம். ஒரு அங்குலம் குறையக் கூடாது," என்றான் அரிகிருஷ்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் மடியில் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்து.

அது பாராசூட் துணி. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், விமானப்படை கழித்த சாமான்கள் விற்கும் கடையில் வாங்கி வந்திருந்தான். லாரிக்குப் போடும் தார்ப்பாயைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இது மடித்தால் சாப்பாட்டுப் பைக்குள் அடங்கும். எடை ஒரு வேட்டி அளவுதான். அதைத் தைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஏலகிரிக்குப் போகிறான். ஆபீஸ் நண்பர்களோடு நாலு பேர், இரண்டு ஸ்கூட்டர் (ஒன்று கலீலுடையது, ஒன்று அவனுடையது), மலையில் ஓர் இரவு. ஐப்பசியில் மலை பச்சைப்பசேலென்று இருக்கும் என்று அவனுடைய சிநேகிதன் கலீல் கிளப்பிவிட்ட யோசனை.

"கலீலும் மத்த ரெண்டு பேரும் எதுல படுக்கப் போறாங்க?"

"அவங்க மூணு பேரும் ஒரே தார்ப்பாயில."

"நீங்க மட்டும் எதுக்குத் தனியா?"

"நான் குறட்டை விடுவேன் இல்ல?"

எட்டு வருஷமாக அவன் பக்கத்தில் படுக்கிறவள் ஜெயக்கொடி. அவன் குறட்டை விட்டு அவள் கேட்டதே இல்லை. அந்த நிமிஷத்தில்தான் அவள் மனசில் முதல் ஊசி ஏறியது.

சேலையூரில் அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்காத வீடு குறைவு. தைத்த துணியைக் கையில் கொடுத்தால் போதும், அதைப் போடுகிறவள் குண்டா, ஒல்லியா, ஒரு தோள் இறங்கியவளா என்று ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய்ப் பொய்யான அளவைக் கொடுக்கலாமா?

அவள் எழுந்து கொல்லைப்புறம் போய், துணி காயப்போடும் கொடியில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு யோசித்தாள். இந்தக் கூடாரத்துக்குக் கம்பி கிடையாது, சுவரும் கிடையாது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கயிறு. கயிற்றின் மேல் துணி. இரண்டு ஓரங்களையும் இழுத்துத் தரையில் முளை அடித்தால் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி நிற்கும். கயிற்றை உயர்த்தினால் உள்ளே தரை குறுகும். தாழ்த்தினால் தரை அகலும், ஆனால் தலை இடிக்கும். ஆக, கயிறு எவ்வளவு உயரம், துணி எவ்வளவு அகலம் என்று தெரிந்தால், உள்ளே எத்தனை உடம்பு கிடக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

"கயிறு எவ்ளோ உயரத்துல கட்டுவீங்க?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"நாலடி."

பத்தடித் துணி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. நாலடி உயரத்திலிருந்து ஐந்தடிச் சரிவு இறங்கினால் தரையில் மூன்றடி வரும். கொத்தனார் மூலைமட்டம் பார்க்கிற அதே மூன்று, நாலு, ஐந்து கணக்கு. இரண்டு பக்கமும் சேர்த்து ஆறடித் தரை. சாரல் அடிக்கும் என்று ஓரத்தில் ஓர் அடி, ஓர் அடி கழி. நாலு. அவன் படுக்க இரண்டு.

மிச்சம் இரண்டடி.

ஒற்றை ஆளுக்கு ஏழுக்கு எட்டே தாராளம். மூன்றடி உயரத்தில் கயிறு கட்டினால் உட்கார்ந்தால்கூடத் தலை இடிக்காது.

"இந்த மிச்சம் இடம் யாருக்குங்க?"

"யாருக்கும் இல்ல. சாமான் வைக்க."

"ஒரு லுங்கி, ஒரு சோப்பு. அதுக்கு ரெண்டடியா?"

"சொன்னா நீ சிரிப்பே, விடு," என்றான் அவன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் மதில் மேல் கையை ஊன்றி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதை ஊட்டி வளர்ப்பது அவள்தான்.

"இன்னாமே, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

ஜெயக்கொடி சொன்னாள்.

"ரெண்டடி அகலம்னா ஒல்லி ஒடம்பு," என்று கிளியம்மாள் உடனே தீர்ப்பு எழுதினாள். "நாலடி ஒசரம் வேணும்னா, நின்னுகினு துணி மாத்துற ஆளு. குள்ளம். அவரு ஆபீசுல குள்ளமா, ஒல்லியா யார்னா கீதா?"

ஜெயக்கொடிக்கு ஆயுத பூஜைப் பொரி வாங்கிப்போக வீட்டுக்கு வந்த ஆபீஸ் டைப்பிஸ்ட் பச்சையம்மா நினைவுக்கு வந்தாள். தன் தோள் உயரம்கூட வரமாட்டாள்.

"ஆனா ரெண்டு ஸ்கூட்டர்ல நாலு ஆம்பளைங்கதானேக்கா போறாங்க?"

"அவ ரயில்ல வந்து ஜோலார்பேட்டையில எறங்கிக்குவா. இதெல்லாம் ஒரு பேஜாரா?"

ஜெயக்கொடி அன்று மாலையே ஒரு வழி செய்தாள். துணியை எட்டடி அகலத்துக்கே தைத்து, "அவ்ளோதான் வந்துச்சு, ஓரம் மடிக்கிறதுலயே போயிடுச்சு," என்று நீட்டினாள். மிச்ச இரண்டடி இல்லாமல் போனால் மிச்ச ஆளும் இல்லாமல் போவாள் அல்லவா?

அரிகிருஷ்ணன் அளவு நாடாவால் இரண்டு முறை அளந்தான். ஸ்கூட்டர் இருக்க, சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் இன்னொரு துண்டு பாராசூட் துணி.

"இதையும் சேர்த்துத் தைச்சிடு. பதினொன்னு ஆயிடும். நல்லதுதான், கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

தாராளமாக! ஜெயக்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள்.

மறுநாள் கொல்லைப்புறத்தில் முருங்கை மரத்துக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவே கயிறு கட்டி ஒத்திகை பார்த்தான். துணி விறைப்பாக நின்றது. உள்ளே பாய் விரித்துப் படுத்தான். ஜெயக்கொடி அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்தாள். அவன் நடுவில் படுக்கவில்லை. சாரல் அடிக்கிற ஓரத்தில், கூரை மூக்கை இடிக்கிற இடத்தில், ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தான். கயிற்றுக்கு நேர் கீழே, உயரமான, ஒரு துளி நனையாத நடு இடத்தைக் காலியாக விட்டிருந்தான். விட்டதோடு நில்லாமல், கையை நீட்டி அந்தக் காலி இடத்தைச் சாண் போட்டு அளந்தான். திருப்தியாகச் சிரித்துக்கொண்டான்.

அவளுக்கு அழுகை முட்டியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், ஃபேனுக்கு நேர் கீழ் இடத்தை ஒரு நாளாவது தனக்கு விட்டுக் கொடுத்திருக்கிறானா?

அவள் கடைசி வழியைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, நானும் வரேன். மலையை நானும் பார்த்ததில்ல."

அவன் வெடுக்கென்று எழுந்ததில் கூரை தலையில் தட்டியது. "நீயா? நீ எதுக்கு... அது... இடம் பத்தாதே!"

"பதினோரு அடியில எனக்கு இடம் பத்தாதா?"

"பத்தாது ஜெயா. சொன்னாப் புரிஞ்சுக்கோ."

"புரிஞ்சிடுச்சு," என்றாள் ஜெயக்கொடி.

இது வரை அவளுக்கு இருந்தது சந்தேகம்தான். இப்போது முடிவு. தன் வாழ்க்கையே அந்த இரண்டடிக்குள் அடங்கியிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. சண்டை போட்டால் அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். கத்தாமல், கேட்காமல், தனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே இதை முடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அவன் குளிக்கப் போன நேரத்தில் கத்தரியை எடுத்தாள். ஏழுக்கு எட்டு. வெட்டி, ஓரம் மடித்து, மூலைக்கு மூலை கயிறு கோக்கும் வளையம் வைத்து, மிஷினை விரட்டினாள். ஒற்றை உடம்புக்கு அளவெடுத்த மாதிரி கச்சிதமாக வந்தது. மழை வந்தால் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. யார் வெளியே என்று அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்!

பாராசூட் துணியில் இது ஒரு வசதி. ஏழடியும் பதினோரு அடியும் மடித்துவிட்டால் பார்வைக்கு ஒன்றுதான். எடையிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. சாப்பாட்டுப் பையில் திணித்து அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீயே மடிச்சியா? உனக்குக் கோபம்னு நெனச்சேன்," என்றான் அவன்.

"எனக்கென்ன கோபம். ஜாக்கிரதையாப் போயிட்டு வாங்க."

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. கேம்ப் ரோட்டில் பஸ்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. கிளியம்மாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மதிலுக்கு வந்துவிட்டாள்.

"அங்கயும் ஊத்துமா?"

"ஊத்தட்டுங்க்கா," என்றாள் ஜெயக்கொடி. சொல்லும்போது இனித்தது. அவள் போய்ப் படுத்த பிறகு இனிப்பு மெல்ல இறங்கியது. அவனுக்குச் சளி பிடிக்கிற உடம்பு. ஒருவேளை அவன் அந்தப் பச்சையம்மாவை உள்ளே படுக்கவைத்துவிட்டுத் தான் வெளியே நனைந்தால்? அந்த நினைப்பு முந்தையதைவிட மோசமாகக் குத்தியது.

சனிக்கிழமை மத்தியானம் வாசல் கேட் திறந்தது. கலீல் அரிகிருஷ்ணனைத் தோளில் தாங்கியபடி வந்தான். அரிகிருஷ்ணனின் உடம்பு கொதித்தது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. தள்ளாடித் தள்ளாடி நாற்காலியில் உட்கார்ந்து, "துணி சுருங்கிடுச்சு ஜெயா," என்று சொல்லிவிட்டுத் தும்மினான்.

பாராசூட் துணி சுருங்காது என்று அவளுக்குத் தெரியும். அவள் நினைத்ததுதான் நடந்திருந்தது. உள்ளே ஒருத்தி, வெளியே இவன். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஒரு ஆள் படுக்க அதுல நல்லாவே இடம் இருந்துச்சு! நானே அளந்து வெட்டினேன். அந்த எடத்துல எவளைப் படுக்க வெச்சிட்டு நீங்க நனைஞ்சீங்க? சொல்லுங்க கலீல், நீங்கதானே கூட இருந்தீங்க. யாரு அவ?"

அரிகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். மதிலுக்கு அந்தப் பக்கம் கிளியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கலீல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எவளும் இல்ல அண்ணி! ஏழு வருஷம் புக் பண்ணிக் காத்திருந்து வாங்குன ஸ்கூட்டர் நனையலாமான்னு, அதை உள்ள நிறுத்திட்டு அண்ணன் ராத்திரி பூரா மழையில நின்னாரு!"