முந்நூற்றில் ஒரு மெத்தை

ஒரு தேசத்தின் நாகரிகம் அதன் குழந்தைகள் தூங்கும் படுக்கையில் தெரியும் என்பது நுகர்பொருள் பாதுகாப்பு அதிகாரியின் அசைக்க முடியாத கருத்து. தன் பிள்ளைகள் எதில் தூங்கி வளர்ந்தார்கள் என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை. அது மனைவியின் இலாகா.

இப்போதைய தலைவலி கூடு மெத்தை. சுற்றிலும் ஓரம் உயர்ந்த குழந்தைப் படுக்கை. குழந்தை புரண்டால் ஓரத்தில் முகம் புதைந்து மூச்சு முட்டும் என்று தெரிந்ததும், விற்ற முந்நூற்றையும் திரும்பப் பெற உத்தரவு போட்டார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்துவிட்டன. நூற்றெண்பத்தேழாம் எண்ணைத்தான் காணோம்.

"நாலு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. எல்லாம் வந்துடுச்சுன்னு நீங்கதான் சொல்லப் போறீங்க," என்றார் மேலதிகாரி.

"ஒண்ணு பாக்கி சார்."

"அதுல இப்ப ஒரு குழந்தை படுத்திருந்தா?"

அது அதிகாரியை உண்மையிலேயே குத்தியது. வாங்கிய அத்தனை பேருக்கும் உடனே செய்தி அனுப்பினார்: 'உங்கள் வீட்டில் உயிராபத்தான படுக்கை இருக்கலாம். ஒப்படைக்கவும்.' அவசரத்தில் எந்தப் படுக்கை என்று போட விட்டுப்போயிற்று.

ஒரு மணி நேரத்தில் வரவேற்பறை நிரம்பியது. கூடு மெத்தையை எப்போதோ கொடுத்துவிட்டவர்கள், பயத்தில் வீட்டில் மிச்சமிருந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொட்டில், ஊஞ்சல், தலையணை. ஒருவர் கட்டிலையே கழற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"இது பெரியவங்க கட்டிலாச்சே?"

"உங்க மெசேஜைப் பாத்ததுலேருந்து என் பொண்டாட்டி இதுல படுக்க மாட்டேங்கறா சார்."

'எண் 187 மட்டும்' என்று இன்னொரு செய்தி போனது. உடனே எல்லோரும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள். எது யாருடையது என்று ரசீது இல்லை. ஒரு தலையணைக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடினார்கள்.

இந்தக் களேபரத்தில், இரட்டைக் குழந்தைகளோடு ஒரு தாய் அவர் அறைக்குள் நுழைந்தாள்.

"எங்க தொட்டிலைக் காணோம். ரெண்டும் தூங்குற நேரம். எங்க போடறது, சொல்லுங்க."

"சமமான இடம், கெட்டியான பரப்பு, பக்கத்துல ஒரு பொருளும் இல்லாம, மல்லாக்க..." துறையின் துண்டறிக்கையை ஒப்பித்தார் அதிகாரி.

அவள் அவர் மேசையைப் பார்த்தாள். கோப்புகளை அள்ளித் தரையில் வைத்தாள். இரண்டையும் மல்லாக்கக் கிடத்தினாள்.

"விழுந்துடாம பாத்துக்கங்க. தொட்டிலைத் தேடிட்டு வந்துடறேன்."

அதிகாரி முதுகுக்கு நீலத் திண்டு வைத்த தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஆளுக்கொரு கையை அணை கொடுத்துச் சிலையானார். குழந்தைகள் தூங்கிவிட்டன. மணி நாலடிக்கப் பத்து நிமிடம். பத்திரிகைக்காரர்களிடம் என்ன சொல்வது?

திரும்பி வரும் மெத்தைகளை வாங்கி அடுக்கும் ஸ்டோர்காரம்மா பூனை நடையில் உள்ளே வந்தார்.

"கிடைச்சுதா?" உதட்டை மட்டும் அசைத்தார் அதிகாரி.

"அது தொலையவே இல்ல சார். மொத நாளே வந்துடுச்சு."

"சொல்றதுக்கென்ன?"

"ஊரையெல்லாம் கேட்டீங்க, என்னைக் கேக்கலையே." ஸ்டோர்காரம்மா குரலைத் தாழ்த்தினார். "முதுகு வலிக்குது, மதியம் கண்ணசர வசதியா ஏதாவது இருந்தாக் குடுங்கன்னீங்க. நான்தான் நீல உறை தைச்சுப் போட்டுக் குடுத்தேன். கொஞ்சம் முன்னாடி நகருங்க சார், பின்னாலேருந்து உருவிக்கிறேன்."