நாக்குக்கு அடியில் வையுங்க

மனித குலத்தில் மாத்திரை வள்ளல் என்றொரு இனம் உண்டு. கல்யாண மண்டபம், பஸ், ரேஷன் கடை வரிசை, துக்க வீடு என்று எங்கே யார் முகத்தைச் சுளித்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் இவர்தான். தலைவலி என்று நீங்கள் வாயெடுப்பதற்குள் அவர் கை சட்டைப் பைக்குள் போயிருக்கும்.

ஸ்ரீரங்கத்து நவநீதன் இந்த இனத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். மின்வாரியத்தில் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். மற்றவர்கள் ஐந்தரை வருஷம் உட்கார்ந்து படிக்கிற படிப்பை அவர் ஐந்தே நாளில், அதுவும் படுத்துக்கொண்டே, முடித்துவிட்டு வந்தார். அன்று முதல் நெஞ்சு வலிக்கான அந்தச் சின்ன மாத்திரை அட்டை அவர் பையில் இருக்கிறது. அவருக்கு அது இதுவரை ஒரு தடவைகூடத் தேவைப்பட்டதில்லை; ஆனால் மாதம் இரண்டு அட்டை தீர்ந்துவிடுகிறது.

சும்மா கொடுத்துவிட்டுப் போகிறவரா அவர்? விளக்கவுரையும் உண்டு. "ரத்தக் குழாயைச் சுத்தி தசை இருக்குங்க. இந்த மாத்திரை உள்ள போனதும் நைட்ரிக் ஆக்சைடா மாறும். அது போயி அந்தத் தசைகிட்ட, 'பிடியை விடு'ன்னு உத்தரவு போடும். குழாய் விரிஞ்சிடும். இதயத்துக்கு வேலை குறைஞ்சிடும். அவ்வளவுதாங்க!" சொன்னதில் ஒரு பிழை கிடையாது. அவரிடம் இல்லாத பதிலே இல்லை. இல்லாதது கேள்வி ஒன்றுதான்.

போன வைகாசியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். துறையூரிலிருந்து வந்திருந்த சின்ன வெங்காய வியாபாரி செல்லக்கண்ணு, காலைப் பந்தியில் நாலாவது வடை உள்ளே போனதும் நெஞ்சைத் தடவினார்.

"என்னங்க பண்ணுது?" என்றாள் பக்கத்து இலையிலிருந்த மனைவி இருளாயி.

"ஒண்ணுமில்ல. லேசா அடைக்குது. சோடா குடிச்சா சரியாப் போயிடும்."

எதிர் வரிசையிலிருந்து நவநீதன் கேசரிக் கையோடு ஓடிவந்தார். "சோடாவா? உசுரோட விளையாடாதீங்க. வாயைத் திறங்க. நாக்குக்கு அடியில வையுங்க, முழுங்கிடாதீங்க."

"சார், நான் நேத்து வேற ஒரு மாத்திரை..." என்று ஆரம்பித்தார் செல்லக்கண்ணு. சுற்றி இருபது பேர். நேர் எதிரில் மருமகளைப் பெற்ற சம்பந்தி. மீதியை விட்டுவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்தார்.

"சுகர் மாத்திரைதானே? அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க" என்று நவநீதனே அதை முடித்துவைத்து, மாத்திரையையும் வைத்துவிட்டு, விளக்கவுரைக்குப் போனார்.

அது சுகர் மாத்திரை அல்ல. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று எட்டுப் பேர் படுக்கிற வீட்டிலிருந்து வந்த தம்பதிக்கு, முந்தின நாள் கல்யாண வீட்டார் லாட்ஜில் தனி அறை போட்டிருந்தார்கள். தனி அறை என்றால் சும்மாவா? சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே செல்லக்கண்ணு ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்து, குரலைத் தாழ்த்தி, அந்த நீல மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கட்டிய மனைவிக்காக வாங்கியதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் நைட்ரிக் ஆக்சைடு போடுகிற உத்தரவு சீக்கிரத்தில் ரத்தாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த மாத்திரையின் உத்தியோகம். ஒன்று பிடியை விடச் சொல்கிறது. மற்றது திரும்பப் பிடிக்க விடாது. நவநீதன் 'குழாய் விரிஞ்சிடும்' என்ற இடத்துக்கு வந்தபோது, செல்லக்கண்ணு இலை மேலேயே சாய்ந்தார்.

"ஐயோ, எம் மனுசனுக்கு என்னாச்சு!" என்று அலறினாள் இருளாயி. நவநீதன் பதறவில்லை. இரண்டாவது மாத்திரையைப் பிதுக்கினார். மயங்கியவர் வாய் இறுகிக் கிடந்தது. அதனால்தான் பிழைத்தார்.

புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டு சேர்த்தபோது ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணே அறுபதில் நின்றது. டியூட்டி டாக்டர் ஆஃப்ரின் காலை உயர்த்திப் படுக்கவைத்து, சலைன் ஏற்றி, ஆள் கண்ணைத் திறந்ததும் அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்: "நேத்து வேற என்ன மாத்திரை போட்டீங்க? வெக்கப்படாம சொல்லுங்க." சொன்னார். ஈசிஜியிலும் ரத்தப் பரிசோதனையிலும் இதயம் சுத்தம், அடைத்தது வடை.

"டாக்டரம்மா, வெளியில யாருக்கும் தெரியவேணாம்."

"என் வாயிலேருந்து வராதுங்க."

வெளியே வந்த டாக்டர், "மாத்திரை கொடுத்தது யாரு?" என்றார்.

"நான்தாங்க!" நெஞ்சை நிமிர்த்தினார் நவநீதன்.

"இன்னும் கொஞ்சத்துல ஆள் போயிருப்பாரு. இனிமே யாருக்கும் எதையும் கொடுக்காதீங்க."

"ஏங்க? அது நல்ல மாத்திரைதானே?"

கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். சின்னப் பொண்ணு, அனுபவம் போதாது என்று முடிவு கட்டினார் நவநீதன்.

சாயங்காலம் சொந்தபந்தம் முழுக்க கட்டிலைச் சூழ்ந்துகொண்டு, என்னதான் ஆச்சு என்று துளைத்தெடுத்தது. பாவம், செல்லக்கண்ணு எதைச் சொல்வார்? சம்பந்தியை ஒரு முறை பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். "நவநீதன் சார் மட்டும் மாத்திரை தரலேன்னா நான் இன்னைக்கு இல்லீங்க." இருளாயி தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தி மண்டபத்துக்கு ஆளை அனுப்பி ஒரு சால்வை வரவழைத்து, செல்லக்கண்ணுவைச் சாகடிக்கப் பார்த்தவர் தோளிலேயே போர்த்தினார். இப்போது நவநீதன் பையில் நாலு அட்டை. எனக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். போன வாரம் மைத்துனர் முட்டி வலி என்றபோது, "எனக்கு ஒரே நாள்ல விட்டுடுச்சு, நீங்களும் போடுங்க" என்று உங்கள் மாத்திரையிலிருந்து இரண்டைக் கிள்ளிக் கொடுத்தது யார்? அவருக்கு வயிற்றில் புண் உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரித்தீர்களா? அவர் நன்றாகத்தான் இருக்கிறார், பார்க்கிறவர்களிடமெல்லாம் உங்களைப் புகழ்கிறார் என்கிறீர்களா?

செல்லக்கண்ணுவும் புகழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்.