இருபதுக்குப் பத்தொன்பது

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். ஒன்று, நான். இரண்டு, என் மனைவி பிலோமினா. மூன்று, ஒன்பதாவது முழுப் பரீட்சையை முந்தின வாரம்தான் எழுதி முடித்திருந்த எங்கள் ஒரே மகள் ரெஜினா. நான்கு, மாலை நேர மையத்திலிருந்து வந்திருந்த வசந்தி மேடம். ஐந்து, அவரோடு வந்து, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்த பிரகாஷ் என்கிற தம்பி. ஆறு, மாடியில் இருக்கும் வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். தெருவே அவரைப் பிரெஞ்சு வழக்கில் முசியே (ஐயா) என்றுதான் கூப்பிடும்.

இவ்வளவு கறாராக ஏன் சொல்கிறேன் என்றால், பிலோமினா இந்தக் கதையை எங்கே சொன்னாலும் ஆள் கணக்கைக் கூட்டிவிடுகிறாள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சொன்னபோது போலீஸ்கூட வந்துவிட்டது. போலீஸ் வரவில்லை. வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன்.

நான் கவலைப்படுகிற ஆள். முத்தியால்பேட்டையில் டூவீலருக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு மணிக்கூண்டு வரை போவேன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன், மறுபடி மணிக்கூண்டு. (என்னை நடைப்பயிற்சி செய்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.)

நான் பள்ளிக்கூடத்தை விட்டதே கவலையால்தான். எட்டாவது படிக்கும்போது ஒரு வாரம் காய்ச்சல். சரியான பிறகு திங்கட்கிழமை சோம்பலாக இருந்தது, போகவில்லை. செவ்வாய்க்கிழமை, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று பயந்து போகவில்லை. புதன்கிழமை, இரண்டு நாளாக ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று போகவில்லை. அவ்வளவுதான். இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அந்தப் புதன்கிழமை இன்னும் முடியவில்லை. வறுமை என்றும், வாத்தியார் அடித்தார் என்றும் மற்றவர்கள் சொல்லும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருக்கிறதே!

சர்க்கரை வியாதி மாதிரி இதுவும் பரம்பரையாக வருமோ என்பது என் பயம். ரெஜினா எல்.கே.ஜி. சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுகிற வரைக்கும் எனக்கு டீ இறங்காது. அவள் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருகிறவள். அதனால் என்ன? காய்ச்சல் யாருக்கும் வரும்.

அப்படிப்பட்டவன் கடைக்கு ஒரு நாள் அந்த நோட்டீஸ் வந்து சேர்ந்தது. பள்ளியை விட்டு நின்றுவிடக்கூடிய நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, கோடை முகாம். சின்னப் பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு அக்காவோ அண்ணனோ, பெரிய பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். கட்டணம் இல்லை. இடங்கள் குறைவு. கூடவே இருபது கேள்விகள் கொண்ட ஒரு ஃபாரம். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

'இடங்கள் குறைவு' என்பதைப் படித்ததும் எனக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. கையில் பசை ஒட்டியிருந்ததைக்கூடத் துடைக்காமல் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பொய் எழுதக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

பள்ளிக்குப் போக மறுத்ததுண்டா? எல்.கே.ஜி. முதல் நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆம்.

வீட்டை விட்டுப் போய்விடுவதாகச் சொன்னதுண்டா? இரண்டாவது படிக்கும்போது, பரோட்டா வாங்கித் தரவில்லை என்று ஒரு கவுனையும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். ஆம்.

தனக்குத்தானே பேசிக்கொள்வதுண்டா? வரலாற்றுப் பாடத்தை நடந்துகொண்டே ஒப்பிப்பாள். ஆம்.

தவறான நட்பு? அவள் தோழி கௌசல்யா பபிள்கம் ஊதுகிறவள். ஆம்.

போதைப் பழக்கம் இருக்குமோ என்ற சந்தேகம் உண்டா? ஒரு தடவை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, "இந்தப் பசை வாசனை நல்லாயிருக்குப்பா" என்றாள். ஆம். (சந்தேகம் உண்டா என்றுதானே கேட்டிருக்கிறார்கள்?)

இரவில் தூக்கம் கெடுகிறதா? ஆம். தூங்கிவிட்டாளா என்று நான்தான் ராத்திரிக்கு இரண்டு முறை எழுப்பிக் கேட்பேன்.

இப்படியே பத்தொன்பது. இருபதாவது கேள்வி மட்டும் வேறு மாதிரி: குழந்தை தன் கஷ்டங்களை வீட்டில் மனம்விட்டுச் சொல்லுமா? இதற்கு மட்டும் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து அரைமணி நேரம் பேசிவிட்டுப் போகிற பெண். பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி, ஆம் என்று டிக் அடித்தேன். அன்றைக்கே ஃபாரத்தை மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள், புதன்கிழமை சாயங்காலம், எங்கள் சந்துக்குள் வெள்ளை கார் ஒன்று வந்து நின்றது.

வசந்தி மேடம் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி மெதுவாக உள்ளே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், பொண்ணு வீட்டுல இருக்காளா?"

"இருக்கா மேடம்."

"பத்திரமா இருக்காளா?"

அவ்வளவுதான். "ஐயோ மேடம், என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று கத்திவிட்டேன். அவர்கள் என் ஃபாரத்தைப் பார்த்துப் பயந்து வந்திருந்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பயந்தேன். சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து பிலோமினா ஓடி வந்தாள். மாடியிலிருந்து முசியே கைத்தடியோடு இறங்கி வந்தார்.

பிரகாஷ் தம்பி டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். "இருபதுக்குப் பத்தொன்பது சார். எங்க மையத்துல இதுவரைக்கும் பதினொண்ணுக்கு மேல வந்ததில்ல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. படித்த எட்டு வருஷத்தில் நான் எதிலும் இருபதுக்குப் பத்தொன்பது வாங்கியதில்லை.

"இருபதுக்குப் பத்தொன்பதா!" என்று முசியே கைத்தடியைத் தரையில் தட்டினார். "த்ரே பியேன், ரொம்பப் பிரமாதம்! எங்க காலத்துல பிரெஞ்சு ஸ்கூல்ல பதினாறு வாங்கினாலே தெருவுல கூட்டி வெச்சிப் பேசுவாங்க. எங்க அந்தப் புள்ள? கூப்புடு, கை குடுக்கணும்."

"ஐயா, இது மார்க் இல்லீங்க" என்றார் பிரகாஷ். முசியே அதைக் காதில் வாங்கவில்லை.

அப்போதுதான் ரெஜினா தண்ணீர் டம்ளர்களோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் வசந்தி மேடத்தின் முகம் மாறிவிட்டது.

"ஏ, ரெஜினா? நீ எங்கம்மா இங்க?"

"எங்க வீடு மேடம்."

மேடம் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், ஃபாரத்துல பேரைப் பார்த்தப்போ வேற ரெஜினான்னு நெனச்சேன். இந்தப் பொண்ணு எங்ககிட்ட கோடை முகாமுக்கு வழிகாட்டி அக்காவா வர்றதுக்கு எழுதிப் போட்டிருக்கா. முதல் ஆளா எடுத்திருக்கோம். அஞ்சாவது படிக்கற ஆறு பசங்கள அவகிட்ட ஒப்படைக்கறதா இருக்கோம்."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. வழிகாட்டியா? என் மகளா? எப்போது எழுதிப் போட்டாள்?

பிரகாஷ் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் நான் விளக்கம் சொன்னேன். கேட் அழுகை, பரோட்டா, பபிள்கம். போதைக் கேள்வி வந்தபோது ரெஜினா டம்ளர் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"பசை வாசனையாப்பா?"

"சந்தேகம்னுதாம்மா கேட்டாங்க."

"ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா?" என்றாள் பிலோமினா. என்ன இருக்கிறதா என்று அவள் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

வசந்தி மேடம் சிரிக்கவில்லை. "விஷயம் அதோட முடியல சார். ஆபத்துப் பட்டியல்ல பேர் ஏறிட்டா, அந்தப் பிள்ளை வழிகாட்டியா இருக்க முடியாது. விதி அப்படி. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு லிஸ்ட்டும் சென்னை ஆபீசுக்குப் போயிடும். ரெண்டுலயும் ஒரே பேர் இருந்தா, வழிகாட்டி லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடுவாங்க."

ரெஜினா தன் மேசைப் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்துவிட்டது. அவள் மேசையில் ஆறு நோட்டுகள், பழுப்பு அட்டை போட்டு அடுக்கியிருந்ததை நான் முந்தின நாளே பார்த்திருந்தேன். பத்தாவதுக்கு என்று நினைத்திருந்தேன். அந்த ஆறு பிள்ளைகளுக்காம்.

எங்களைத் தேற்ற நினைத்த பிரகாஷ் தம்பி, "இருபதாவது கேள்வி மட்டும் நல்லா வந்திருக்கு மேடம்" என்றார். "மனம்விட்டுச் சொல்லுமா? ஆம்."

"அதுவும் தப்பு அண்ணா" என்றாள் ரெஜினா.

பிரகாஷ் தம்பி மறுபடி டேப்லெட்டைப் பார்த்தார்.

"அதுக்குத்தான் இல்லைன்னு போட்டிருக்கணும். நான் அப்பாகிட்ட ஒண்ணுமே சொல்றதில்ல."

"என்னம்மா சொல்ற? தினம் கடைக்கு வந்து பேசிட்டுதானே போற?"

"அது, நீ பயப்படாத விஷயமாப் பொறுக்கி எடுத்துச் சொல்றதுப்பா." பிறகு, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். காலாண்டில் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியது. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் மூன்று தையல் போட்டது (அது கொசுக்கடி புண் என்று எனக்குச் சொல்லப்பட்டது). கௌசல்யா வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது தவளக்குப்பத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் தனியாக நின்றது. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டதும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும், வழிகாட்டி விண்ணப்பத்துக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்ததும் பிலோமினா.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரில் மாதா படத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தூங்க மாட்டப்பா."

"அவரு தூங்கலன்னா எனக்கும் தூக்கம் போச்சு" என்றாள் பிலோமினா, மாதாவிடம்.

பத்தொன்பது தப்பு என்று கேட்டபோதுகூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. அந்த ஒன்றும் தப்பு என்றதும் உட்கார்ந்த இடத்திலேயே ஏதோ சறுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. முசியே என் தோளைத் தட்டி, "அப்ப இருபதுக்கு இருபது" என்றார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் கணக்கு சரி.

ஒரே ஒரு வழி இருப்பதாக மேடம் சொன்னார். ஃபாரத்தை நிரப்பியவரே, ஒவ்வொரு பதிலும் ஏன் தவறு என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் மையத்தில் கொடுக்க வேண்டும். வேறு யாரும் எழுதித் தரக்கூடாது.

எட்டாவதுக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரசீது. 'சீட் கவர் ஒன்று, கருப்பு' என்பதைத் தாண்டிய வாக்கியம் கிடையாது. வியாழக்கிழமை கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். முதல் பதில் எழுதவே மதியம் ஆகிவிட்டது. "என் மகள் எல்.கே.ஜி.யில் அழுதது பள்ளிக்குப் போக மறுத்ததாகாது. அவள் அன்றே போய்விட்டாள். மறுநாளும் போனாள். போகாமல் இருந்தவன் நான்" என்று எழுதினேன். அதன் பிறகு கை நிற்கவில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் கடைசியில் அங்கேயேதான் போய் முடிந்தது: தூக்கம் கெட்டவன் நான், தனக்குத்தானே பேசிக்கொள்கிறவன் நான், பசை வாசனையில் நாள் முழுக்க இருக்கிறவன் நான். மொத்தம் ஏழு பக்கம். வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். (பதினொன்றுக்கே கிளம்பிவிட்டேன். கடைப் பூட்டு இரண்டு தடவை திரும்ப அழைத்தது.)

வசந்தி மேடம் நின்றபடியே படிக்க ஆரம்பித்தவர், மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முடித்துவிட்டு, "சார், எங்க வயசு வரம்பு பதினாறு. இல்லன்னா உங்கள சேர்த்துக்குவேன்" என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ரெஜினா வழிகாட்டி ஆனாள். ஆனால் டேப்லெட்டில் ஏறிய பெயரை அழிக்க வழி இல்லையாம். மதிப்பெண்ணை மாற்றத்தான் முடியுமாம். இரண்டே நாளில் ஆபத்து பத்தொன்பதிலிருந்து ஒன்றுக்கு இறங்கிய ஒரே குழந்தை என்று சென்னை ஆபீஸிலிருந்து போன் போட்டுப் பாராட்டினார்கள். என்ன முறையைக் கையாண்டீர்கள் என்று கேட்டார்களாம். முசியே இன்றைக்கும் அவளைப் படியில் பார்த்தால் "திஸ்நேஃப்!" என்றுதான் கூப்பிடுகிறார். பிரெஞ்சில் பத்தொன்பது.

வழிகாட்டியாகச் சேருகிறவர்கள் வீட்டில் பேசி ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது மையத்தின் வழக்கம். எங்கள் வீட்டு ஒப்பந்தத்தை ரெஜினாவே எழுதினாள். நடந்ததை எல்லாம் அவள் அன்றன்றே அப்பாவிடம் சொல்ல வேண்டும், முழங்கால் தையல் உட்பட. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அதற்கு மேல் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பத்து ரூபாய், மையத்துப் பிள்ளைகளின் சுண்டலுக்கு. கணக்கு எழுதுகிற பொறுப்பு பிலோமினாவுக்கு.

நான்கு வருஷம் ஓடிவிட்டது. ரெஜினா கல்லூரிக்குப் போகிறாள். கோடையில் மையத்துக்கும் போகிறாள். சொன்ன சொல் தவறாமல் எல்லாவற்றையும் சொல்கிறாள். எனக்குத் தூக்கம் அறவே போய்விட்டது. இருந்தாலும் சொல்லாமல் இருந்த காலத்துக்குத் திரும்பிப் போக மாட்டேன்.

நேற்று சாயங்காலம் கடைக்கு வந்து, "அப்பா, ஞாயித்துக்கிழமை முகாம் பசங்க நாப்பது பேரை நோணாங்குப்பத்துக்குப் படகு சவாரிக்கு அழைச்சிட்டுப் போறோம்" என்றாள்.

எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள். எனக்குரிய ஒரு கேள்வி அதோடு முடிந்தது. சின்னப் பசங்களுக்கு அளவு சரியாக இருக்குமா, படகு ஓட்டுகிறவருக்கு எத்தனை வருஷ அனுபவம், காற்று அடித்தால் என்ன செய்வீர்கள், நீ ஓரத்தில் உட்காருவாயா நடுவிலா, உனக்கே நீச்சல் தெரியாதே என்பதெல்லாம் அதற்குப் பிறகு கேட்டவை.

ராத்திரி பிலோமினா நோட்டை எடுத்துக் கூட்டிப் போட்டாள். நான் இன்னும் கட்ட வேண்டிய பாக்கி, நாலாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.